வயலின் மேல் தாழப் பறக்கும் பிராந்து

ஐப்பசியில் மழை விழுந்து காலபோகத்துக்கு நெல் விதைக்கும் நாட்களில், வன்னியிலும் மன்னாரிலும் குளங்களை அண்டிய வயல்வெளிகளுக்கு ஒரு பிராந்து வந்து சேருகின்றது. மற்றப் பிராந்துகளைப் போல அது உயரத்தில் வட்டமிட்டுக்கொண்டிருப்பதில்லை. ஓர் ஆளின் தலைக்குச் சற்று மேலே, வரம்பையும் நாணலையும் உரசுவது போலத் தாழப் பறந்து வரும். நாலைந்து தரம் சிறகடிக்கும். பின் சிறகை அசைக்காமல் வழுக்கிச் செல்லும். வழுக்கும்போது இரண்டு சிறகுகளும் முழுவதும் விரியாத புத்தகத்தைப் போல மேல்நோக்கிச் சற்றே தூக்கி நிற்கும். வயலின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை போய், திரும்பி, அடுத்த வரம்போடு வரும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து சூடு மிதிக்கும் வரை இங்கேயே நிற்கும். சித்திரை பிறந்த பின் தேடினால் பெரும்பாலும் கிடையாது.

விதைப்போடு வந்து அறுவடையோடு போகின்ற இந்த விருந்தாளிக்கு எமது ஊர்களில் தனிப்பெயர் சொல்லக் கேட்பது அரிது. பிராந்து என்பார்கள், அத்தோடு சரி. தமிழ்ப் பறவை நூல்களில் இதற்குச் சேற்றுப் பூனைப்பருந்து என்று பெயர். முதலில் கேட்கும்போது வேடிக்கையாக இருந்தாலும், பூனை ஒன்று வேலியோரமாக எலி தேடிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் பொருந்துவது விளங்கும். நாமும் இக்கட்டுரையில் பூனைப்பருந்து என்றே எழுதுகின்றோம்.

பிராந்து என்றதும் எமக்குக் கோழிக்குஞ்சுதான் நினைவுக்கு வரும். முற்றத்தில் தாய்க்கோழி கொக்கரித்தால் வீட்டிலுள்ளவர்கள் 'சூ, சூ' என்று கையைத் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். அந்தக் குற்றம் எல்லாப் பிராந்துகளின் தலையிலும் விழுந்துவிடுகின்றது. ஆகையால் முதலில் ஆளை அடையாளம் காண்போம். வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடலும் கொண்டு கடற்கரையிலும் குளத்தின் மேலும் வட்டமிடுவது செம்பருந்து. கருடன் என்று கும்பிடுகிறவர்களும் உண்டு. குளத்தருகே பட்டமரத்தில் நெடுநேரம் அசையாமல் இருந்து மீன் பார்க்கும் சாம்பல் தலைப் பறவை மீன்பிடிக் கழுகு. மரக்கிளைகளுக்குள் ஒளிந்திருந்து முற்றத்துக்குள் அம்பு போலப் பாய்கின்ற சிறிய பறவை வல்லூறு. கோழிக்குஞ்சு காணாமற் போனால் முதலில் வல்லூற்றையும், காகத்தையும், கீரியையும் சந்தேகிப்பதே நியாயம்.

பூனைப்பருந்து முற்றத்துப் பறவையல்ல, வெட்டவெளிப் பறவை. வயலோரம் மேயப்போன குஞ்சை அது ஒருபோதும் தொடாது என்று நாம் சத்தியம் செய்யமாட்டோம். ஆனால் அதன் தேடல் முழுவதும் வயலிலும் சேற்றிலுமே நடக்கின்றது.

பெட்டை கடுங் கபில நிறம். தலையுச்சியும் தொண்டையும் மட்டும் பாலாடை நிறத்தில் வெளுத்திருக்கும். தூரத்தில் பார்த்தால் வெள்ளைத் தொப்பி போட்டது போலத் தெரியும். வளர்ந்த சேவலின் சிறகில் மூன்று நிறங்கள் உண்டு: உடலோடு ஒட்டிய பகுதி கபிலம், நடுப்பகுதி சாம்பல், நுனி கறுப்பு. வாலும் சாம்பல் நிறமானது. சேவலைவிடப் பெட்டையே பெரிது. இரைகொல்லிப் பறவைகளில் பெரும்பாலும் அப்படித்தான்.

இதிலே ஒரு விநோதமும் உண்டு. மேற்குப் பிரான்சின் சதுப்பு நிலங்களில் வாழும் சேவல்களில் நூற்றுக்கு நாற்பது அளவில், வளர்ந்த பின்பும் பெட்டையின் நிறத்திலேயே வாழ்நாள் முழுவதும் இருந்துவிடுகின்றன. 2011இல் வெளிவந்த ஆய்வொன்று, இவ்வாறான சேவல்களை மற்றச் சேவல்கள் அவ்வளவாகத் தாக்குவதில்லை என்று காட்டியது. சண்டை சச்சரவு இல்லாமல் பிழைப்பதற்கு அவை கண்ட வழி போலும்.

எடைக்கும் சிறகுக்கும் உள்ள கணக்குத்தான் இப்பறவையின் தொழில் இரகசியம். சிறகை விரித்தால் நுனியிலிருந்து நுனி வரை 115 முதல் 130 சென்ரிமீற்றர். நாலடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையோ ஏறத்தாழ அரைக் கிலோ, பெட்டையானால் இன்னும் சற்றுக் கூட. ஒரு சிறிய கோழியின் எடைகூட இல்லாத உடலுக்கு இத்தனை பெரிய சிறகு இருப்பதால், கீழே விழுந்துவிடாமல் மிக மெதுவாகப் பறக்க அதனால் முடிகின்றது. மெதுவாகப் பறந்தால்தான் புல்லுக்குள் அசைவது கண்ணில் படும். முகமும் கவனிக்கத்தக்கது. ஆந்தையின் முகத்தைப் போல, கண்ணைச் சுற்றி இறகுகள் தட்டு வடிவில் அமைந்துள்ளன. இத்தட்டு சத்தத்தை ஏந்திக் காதுக்கு அனுப்பும். புல்லுக்கடியில் எலி கீச்சிடுவதையும் சரசரப்பதையும் கேட்டே இடத்தைப் பிடித்துவிடும். கால்கள் நீளமானவை, நாணலுக்குள் கையைவிட்டு எடுப்பது போல இரையைப் பற்றி எடுக்கும். பத்துத் தடவை பாய்ந்தால் பல தடவை வெறுங்காலோடுதான் எழும்பும். அதற்காக மனம் விடுவதில்லை. மறுபடியும் அதே வரம்போடு வரும்.

வயலெலி, சுண்டெலி, தவளை, சிறு பறவைகள், நீர்ப்பறவைகளின் குஞ்சுகள், பெரிய வெட்டுக்கிளிகள், சிறிய பாம்புகள் என்று அகப்படுவதை உண்ணும். நோயுற்ற, காயம்பட்ட பறவைகளைப் பிடிப்பதிலும் செத்ததைத் தின்பதிலும் அதற்குக் கூச்சமில்லை. இந்தக் கடைசிப் பழக்கத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் அதைப் பற்றிப் பேசவேண்டியிருக்கின்றது.

எலியைப் பற்றி விவசாயிக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. மூன்று வாரத்தில் குட்டி ஈனும். ஓர் ஈற்றில் ஏழெட்டு. அந்தக் குட்டிகளும் சில மாதங்களில் தாயாகிவிடும். கதிரை வெட்டித் தின்பது போதாதென்று வளைக்குள் கொண்டுபோய்ச் சேமித்தும் வைக்கும். எலிக்காய்ச்சல் வேறு. இப்படிப்பட்ட பெருக்கத்தைப் பூனைப்பருந்து தனியாக நின்று அடக்கிவிடும் என்று எழுதினால் அது பொய்யாகும். பகலில் பூனைப்பருந்து, இரவில் ஆந்தை, வளைக்குள்ளே சாரைப்பாம்பு, வரம்பிலே கீரி என்று பலர் பங்குபோட்டுச் செய்கின்ற வேலை அது. அந்தக் கூலியில்லாத வேலையாட்களில் மிகத் தொலைவிலிருந்து வருகிறவர் இவர்.

எவ்வளவு தொலைவு? ஐரோப்பாவிலிருந்து ரஷ்யா, கசகஸ்தான் ஊடாக மொங்கோலியா வரை பரந்திருக்கும் நாணற்காடுகளிலேதான் பூனைப்பருந்துகள் குஞ்சு பொரிக்கின்றன. அங்கே மாரியில் நீர் உறைந்து பனிக்கட்டியாகிவிடும். தவளையும் இல்லை, எலியும் பனிக்கடியில். ஆகவே புரட்டாதியளவில் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஒரு பகுதி ஆபிரிக்காவுக்குப் போகின்றது. ஒரு பகுதி இந்தியாவுக்கு வந்து, அதில் சில மேலும் தெற்கே இலங்கை வரை வருகின்றன. கழுகு போன்ற பாரமான பறவைகள் சூடான காற்றில் ஏறி மிதந்து செல்வதையே நம்பியிருப்பதால் கடலைக் கடக்கத் தயங்கும். பூனைப்பருந்து சிறகடித்தே பறக்கக்கூடியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள முப்பது கிலோமீற்றர் அளவான கடல் அதற்கு ஒரு தடையல்ல. இன்னொன்று: அவ்வாண்டு பிறந்த குஞ்சு தாய் தகப்பனோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை. பொரித்து மூன்று நான்கு மாதமான பறவை, ஒரு தரமும் காணாத தேசத்துக்குத் தன்னந்தனியாகப் புறப்படுகின்றது.

திரும்பிப் போனதும் குடும்ப வாழ்க்கை. சேவல் வானத்தில் மிக உயர ஏறிக் கரணமடித்து விழுந்து, மறுபடி ஏறி, கத்திக்கொண்டு கூத்தாடும். பெட்டை தண்ணீருக்குள் நிற்கும் நாணலுக்கு நடுவே, நரியும் நாயும் எளிதில் வரமுடியாத இடத்தில், காய்ந்த தண்டுகளைக் குவித்துக் கூடு கட்டும். நாலைந்து முட்டை. ஒரு மாதத்துக்கு மேல் பெட்டையே அடைகாக்கும். அக்காலம் முழுவதும் உணவு தேடுவது சேவலின் பொறுப்பு. இரையோடு வரும் சேவல் கூட்டில் இறங்காது. மேலே நின்று குரல் கொடுக்க, பெட்டை எழும்பி வந்து, பறந்தபடியே முதுகுப்புறமாகப் புரண்டு, சேவல் நழுவவிடும் இரையை அந்தரத்தில் பிடித்துக்கொள்ளும். கூடு இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்காமலிருக்க இது உதவும் போலும். சேவல்களில் சில ஒரே நேரத்தில் இரண்டு கூடுகளைப் பராமரிப்பதும் உண்டு. எமது பத்திரிகையில் எழுதத் தயக்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். அப்படியான வேளையில் இரண்டாவது கூட்டுக்கு உணவு குறைவாகவே போய்ச் சேருகின்றது.

முட்டைகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இடப்பட்டாலும் எல்லாம் முடியுமுன்பே அடைகாக்கத் தொடங்குவதால், மூத்த குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் பருமனில் பெரிய வித்தியாசம் இருக்கும். எலி நிறைய உள்ள ஆண்டில் எல்லாம் தப்பும். இல்லாத ஆண்டில் கடைசிக் குஞ்சு தப்பாது.

ஒரே ஒரு கூடு

பிரித்தானியாவின் கிழக்குப் பகுதியில் ஒரு காலத்தில் பரந்த சதுப்பு நிலங்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பகுதியை வடித்து விளைநிலமாக்கினார்கள். வேட்டைப் பறவைகளை வளர்த்த பண்ணைகளின் காவலர்கள் பூனைப்பருந்தைக் கண்ட இடத்தில் சுட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்நாட்டில் அது கூடு கட்டுவது நின்றுபோயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெல்லத் திரும்பி வந்து, 1950களின் கடைசியில் பதினைந்து கூடுகளளவில் இருந்தது. பிறகு, யாரும் சுடாமலே, மீண்டும் குறையத் தொடங்கிற்று. 1971ஆம் ஆண்டில் முழுப் பிரித்தானியாவிலும் ஒரே ஒரு சோடிதான் குஞ்சு பொரித்தது. சபொக் மாவட்டத்தின் மின்ஸ்மியர் என்ற பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலத்தில்.

காரணம் டி.டி.ரி.யும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த பூச்சிநாசினிகளும். இவை தண்ணீரில் கரைந்து போவதில்லை. உடலின் கொழுப்பில் தங்கிவிடும். பூச்சியில் ஒரு துளி. நூறு பூச்சி தின்ற தவளையில் அந்த நூறின் சேர்க்கை. அப்படிப் பல தவளைகளையும் எலிகளையும் சிறு பறவைகளையும் தின்ற பூனைப்பருந்தில் அவ்வளவும் வந்து குவியும். உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கிறவருக்கே அதிக பங்கு. பறவை உடனே செத்து விழுவதில்லை. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேருவது தடைப்பட்டு ஓடு மெலிந்து போகும். அடைகாக்க உட்கார்ந்த தாயின் பாரத்தாலேயே முட்டை நொறுங்கும். டெரெக் றற்கிளிவ் என்ற ஆய்வாளர், அரும்பொருட் சேகரிப்புகளிலிருந்த பழைய முட்டைகளையும் புதியவற்றையும் நிறுத்துப் பார்த்து, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்திருப்பதை 1967இல் வெளிப்படுத்தினார். அவர் முதலில் கவனித்தது வேறு இரைகொல்லிப் பறவைகளை. கதை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் டி.டி.ரி.யை வெறுமனே திட்டிவிட்டுப் போக எமக்கு மனம் வரவில்லை. மலேரியாவால் வீட்டுக்கு வீடு நடுங்கிக் கிடந்த இலங்கையில், 1940களின் நடுப்பகுதியிலிருந்து வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. தெளித்ததே இலட்சக்கணக்கானோரைக் காப்பாற்றிற்று. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. தெளிப்பு நிறுத்தப்பட்டதும் அதே பத்தாண்டின் முடிவில் ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. இடம்பெயர்ந்து காட்டோரம் கொட்டில் போட்டிருந்த காலத்தில் மலேரியா என்ன செய்தது என்பதை எம்மவர்கள் நன்கறிவர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சுவரில் அளந்து பூசிய மருந்து வேறு, வயல் வயலாகப் பல்லாண்டு கொட்டிய மருந்து வேறு. பூனைப்பருந்தின் முட்டையை உடைத்தது இரண்டாவது.

அந்த வகை மருந்துகள் ஐரோப்பாவில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. எஞ்சிய நாணற்காடுகள் காக்கப்பட்டன. பிரித்தானியாவில் இன்று பல நூறு சோடிகள் கூடு கட்டுகின்றன. நாணல் இல்லாத இடங்களில் கோதுமை வயலுக்குள்ளும் அவை கூடு கட்டப் பழகியுள்ளன.

வேறொரு மருந்தின் கதையும் எம் விவசாயிகளுக்குத் தெரிந்திருக்கவேண்டும், ஏனெனில் அந்த மருந்தின் பெயர் மொனோகுரோட்டபொஸ். எம்முடைய கடைகளிலும் ஒரு காலத்தில் விற்கப்பட்டு, 1995இல் இங்கு தடைசெய்யப்பட்டது. அதைக் குடித்து உயிரை மாய்த்தவர்கள் அநேகர் என்பதே அதற்குக் காரணம். அதே 1995ஆம் ஆண்டின் கடைசியிலும் 1996இன் தொடக்கத்திலும் ஆர்ஜென்ரீனாவில் வெட்டுக்கிளியைக் கொல்ல இதனை வயல்களுக்கு அடித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து மாரியைக் கழிக்க வந்து, வெட்டுக்கிளி தின்றுகொண்டிருந்த சுவேன்சன் பருந்துகள் ஐயாயிரத்துக்கு மேல் செத்துக் கிடந்ததை ஆய்வாளர்கள் எண்ணினார்கள். எண்ணப்படாதவை அதைவிட அதிகம். பின்னர் அங்கும் அதைத் தடைசெய்தார்கள்.

தண்ணீரை வெட்டிவிட்டபோது

நஞ்சு ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தை ஈராக்கிலே பார்க்கலாம். தைகிரிஸ், யூப்பிரட்டீஸ் ஆறுகள் கடலை நெருங்கும் இடத்தில் பதினையாயிரம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட சதுப்பு நிலம் இருந்தது. பூனைப்பருந்துகள் மாரியில் திரளும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே நாணலாலேயே வீடு கட்டி, எருமை வளர்த்து, மீன் பிடித்து, நெல்லும் விளைவித்த மக்கள் மதான் எனப்படுவோர். 1991இல் தென் ஈராக்கில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்ட பின், கிளர்ச்சிக்காரருக்கு மறைவிடம் இல்லாமற் செய்வதற்காக சதாம் ஹுசெய்னின் அரசு அணைகளும் பெருங் கால்வாய்களும் வெட்டி ஆற்று நீரைத் திருப்பிவிட்டது. பத்து ஆண்டுக்குள் பத்தில் ஒன்பது பங்கு காய்ந்து உப்புப் பூத்த தரையாயிற்று. மக்கள் இலட்சக் கணக்கில் இடம்பெயர்ந்தார்கள். எருமை போயிற்று, மீன் போயிற்று, பறவைகளும் போயின.

2003இல் அந்த அரசு வீழ்ந்ததும் மக்களே மண்வெட்டியோடு போய்க் கரைகளை வெட்டித் தண்ணீரை உள்ளே விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே பழைய பரப்பில் அரைவாசியளவு மீண்டும் நனைந்தது. செத்துவிட்டதென்று நினைத்த நாணற் கிழங்குகள் துளிர்த்தன. குடும்பங்கள் திரும்பின; பறவைகளும் திரும்பின. 2016இல் அது உலக மரபுரிமை இடமாகவும் ஆயிற்று. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. உப்பு ஏறிய இடங்களில் நாணல் முன்போல் வரவில்லை. மேலே உள்ள நாடுகளின் அணைகளாலும் மழைக் குறைவாலும் 2021க்குப் பிந்திய ஆண்டுகளில் சதுப்பு மறுபடி வற்ற, எருமைகளை விற்றுவிட்டு இரண்டாந்தரமாக ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் பல.

எமது குளங்கள்

இப்போது எமது பக்கம் திரும்புவோம். கசகஸ்தானின் நாணற்காடு இயற்கையானது. இலங்கையின் வறண்ட வலயத்தில், கரையோரக் கடனீரேரிகளையும் தரவைகளையும் தவிர்த்தால், பூனைப்பருந்துக்கு உகந்த நன்னீர்ச் சதுப்பு பெரும்பாலும் விவசாயி கையால் கட்டியது. கட்டுக்கரைக் குளத்தை எடுத்துக்கொள்வோம். அருவியாற்றின் தண்ணீரைத் தேக்கத்தில் மறித்து வாய்க்கால் வழியே கொண்டுவந்து நிரப்புவதாலேயே அது நிறைகின்றது. அது 1954இலேயே சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதிலிருந்து நீர் பெறும் சிறு குளங்கள், அவற்றின் கீழ் வயல்கள், வயலின் கழிவு நீர் போய்ச் சேரும் தாழ்நிலங்கள் எல்லாம் ஒரே கோர்வை. அதற்கப்பால் கடலோரமாக வங்காலை. 2008இல் சரணாலயமாகி, 2010இல் றம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஈரநிலங்களைக் காப்பதற்கான அந்த உடன்படிக்கை ஈரானின் றம்சார் நகரில் கைச்சாத்தானது 1971இல். பிரித்தானியாவில் ஒரே ஒரு கூடு இருந்த அதே ஆண்டு.

போர்க்காலத்தில் சனம் இல்லாத ஊர்களில் என்ன நடந்ததென்று திரும்பிப் போனவர்கள் கண்டார்கள். பறவைக்கு நல்லகாலம் என்று நினைப்போருக்கு அது பாதி உண்மை. ஆளில்லா வயலில் புல் வளர்ந்து எலியும் தவளையும் பெருகும்போது பூனைப்பருந்துக்குச் சில ஆண்டுகள் கொண்டாட்டம்தான். ஆனால் கட்டுப் பார்க்க ஆளில்லாத குளம் ஒரு பெருமழையில் உடைக்கும். உடைத்த குளத்தில் தண்ணீர் நிற்காது. வயலில் முதலில் புல், பிறகு உடையும் விடத்தலும், பிறகு பற்றைக்காடு. பற்றைக்காட்டின் மேல் பூனைப்பருந்துக்கு வேலையில்லை. 2009இல் போர் முடிந்த பின் பல குடும்பங்கள் தம் வயல்களுக்குத் திரும்பியுள்ளன. இன்னும் திரும்ப முடியாமல் பிறருடைய காணிகளில் இருக்கிறவர்களும் உள்ளனர். குளத்துக்கட்டில் மண் போட்டு, துருசு திருத்தி, வாய்க்கால் வெட்டுகின்ற கமக்காரன் தனக்கென்றுதான் அதைச் செய்கின்றான். பூனைப்பருந்தின் இடமும் அவனுடைய அந்த வேலையிலேயே தங்கியிருக்கின்றது.

திரும்பிச் சென்ற நிலத்தில் முதற் போகத்திலேயே எலி வந்து கதிரை வெட்டினால் என்ன செய்வது? கடையில் பாஷாணம் இருக்கின்றது. கடன் பட்டு விதைத்தவனிடம் போய்ப் பறவைக்காக நட்டப்படு என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. 2021இல் இரசாயனங்களை ஒரேயடியாக நிறுத்தியபோது விவசாயிகள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. ஆனால் பாஷாணம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டு தீர்மானிக்கலாம். இரத்தம் உறையாமற் செய்கின்ற புதிய வகைப் பாஷாணங்களைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடிக்கொண்டு பகலிலும் வெளியே திரியும். நோயுற்றதைப் பிடிப்பதில் பூனைப்பருந்துக்குக் கூச்சமில்லை என்று முன்னே சொன்னோமல்லவா? ஆந்தையும் அப்படித்தான். அந்த மருந்து தின்ற பறவையின் ஈரலில் மாதக் கணக்கில் தங்கி நிற்கும். இரண்டு மூன்று எலி போதும். எலியோ சில மாதங்களில் மீண்டும் பெருகிவிடும். ஆந்தையும் பருந்தும் ஆண்டுக்கு ஒரு தரம் நாலு முட்டை இடுகிறவை, அந்த வேகத்தில் பெருக அவற்றால் முடியாது. அடுத்த போகத்தில் எலி அதிகம், பிடிக்க ஆளில்லை.

வரம்பை ஓர் அடிக்கு மேல் அகலமாக விடாவிட்டால் எலி வளை தோண்ட இடம் குறையும். ஒரு குளத்தின் கீழுள்ள வயல்களை எல்லாரும் ஒரே கிழமையில் விதைத்தால், ஒருவர் வயல் அறுத்த பின் எலி மற்றவர் வயலுக்குப் போய்த் தங்கும் நிலை வராது. விதைப்புக்கு முன், எலி குட்டி போடுமுன்னரே, கமக்காரர் அமைப்பாகச் சேர்ந்து ஒரே நாளில் வளைகளை வெட்டிப் பிடிப்பது, தனித்தனியே கதிர்ப் பருவத்தில் பாஷாணம் வைப்பதைவிட மலிவு. தென்கிழக்காசிய நெல் நாடுகளில் பரவலாகக் கைக்கொள்ளும் முறைகளே இவை. எப்படியும் பாஷாணம் வைத்தே ஆகவேண்டுமென்றால், வெளியில் இறைக்காமல் மூங்கில் குழாய்க்குள் வைத்து, காலையும் மாலையும் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைத்துவிடுங்கள். வாய்க்காலில் எறிய வேண்டாம். எலிக்காய்ச்சலை நினைத்து, கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

நாணல் எலிக்கும் மறைவிடம்தானே, அதையும் வெட்டிக் கொளுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. வயலோரத்திலும் வாய்க்காற் கரையிலும் வெட்டித் துப்புரவாக்குங்கள்; அங்கே அது எலிக்குத்தான் உதவும். குளத்தின் அலைகரையில், தண்ணீரில் நிற்கும் சம்பையும் நாணலையும் பன்னையும் விட்டுவிடுங்கள். அது மண் வந்து குளத்தை மூடாமல் தடுக்கின்றது. பாய் இழைக்கிறவர்களுக்குப் பன் தருகின்றது. மீன் குஞ்சுக்கு நிழல் கொடுக்கின்றது. அங்கேதான் பூனைப்பருந்துகள் இரவில் தங்குகின்றன. பகலெல்லாம் தனித்தனியே திரியும் இப்பறவை, இரவில் மரத்தில் ஏறுவதில்லை. பல சேர்ந்து ஒரே நாணலுக்குள்ளோ புல்வெளியிலோ நிலத்தில் இறங்கிப் படுக்கும். இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் வேளாவதர் என்ற புல்வெளியில், பூனைப்பருந்து இனத்தவை மாரிகாலத்தில் நூற்றுக் கணக்கில் இவ்வாறு இறங்குகின்றன. எமது குளங்களில் அவ்வளவு இல்லை. ஒன்றிரண்டு, நல்ல இடமானால் இன்னும் சில.

பார்க்க விரும்புகிறவர்கள் தை, மாசி மாதங்களில் ஒரு மாலை, பொழுது சாய அரை மணி நேரத்துக்கு முன்னே குளக்கட்டில் போய் உட்காரலாம். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். நாயை வீட்டில் விடுங்கள். கொக்கும் நாரையும் மரங்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் பூனைப்பருந்து வயலின் மேல் ஒரு தரம், இரண்டு தரம் போய்வரும். தாழ வந்து, நாணலுக்கு மேலே சற்றுத் தயங்கி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, சட்டென்று உள்ளே இறங்கிவிடும். இறங்கிய இடத்தில் சில நாணல்கள் ஆடும். அதன்பின் விடியும் வரை அங்கே ஒரு பறவை இருப்பது யாருக்கும் தெரியாது.